சுவீடனுக்காகப் போன மீசை

அன்புள்ள ஜெஸ்மிக்கு, முசஃபா கேம்பிலிருந்து கிளிட்டஸ். நீயும் அம்மாவும் சுகமா? நான் சுகம். யாரும் நம்பமுடியாத கதை ஒன்றை மாதா சத்தியமாகச் சொல்கிறேன்.

வேலை முடிந்து ஊர் திரும்பிய சுவீடன் இன்ஜினியர், தன் ஊர் கால்பந்து கிளப்பின் ஜெர்சிகளை எங்கள் ரூமுக்குத் தந்தார். அன்றிலிருந்து அது நம் கிளப். கடைசி மேட்சில் தோற்றால் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். "தோத்தா மீசைய எடுக்கேன்" என்று கேம்ப் முழுக்கச் சவால் விட்டேன்.

தோற்றது. என் கண்ணீரில் பாலைவனமெங்கும் நெத்திலி துள்ளியது. மீசையை அறுக்க இரும்பு வெட்டும் மெஷினே வந்தது.

"அண்ணே, இனி வேற டீம பாரும்" என்றான் என் ரூமில் இருக்கும் ஜெபசீலன்.

"போலே. அது மேல ஏறாம மீசை வளக்க மாட்டேன்" என்றேன்.

கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்பு. டூட்டி வண்டி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வீடியோ காலில் யாரோ என்று நினைத்துப் போனை வைத்துவிடாதே. மீசை போனது மட்டும் நிஜம்.