மூன்றாவது பாட்டில் ஒரு நிறுத்தம்

அரியலூர்
14.1.2024

அன்புள்ள சலாம் மாப்ளைக்கு,

போனில் பேசினால் நீயும் "நல்லாருக்கேன்" என்கிறாய், நானும் அதையேதான் சொல்கிறேன். அதனால் ஷார்ஜாவுக்கு வரும் உன் மஜீது மச்சான் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன், பொங்கல் முறுக்கோடு.

நம்ம 'கிரஷர்' பேண்டுக்கு முதல் ஆல்பம் வரப்போகிறதடா! ஏப்ரல் கடைசியில் திருச்சி ஸ்டுடியோவில் பதிவு. நம்ம பாடகி வெற்றிச்செல்வி, அலறிப் பாடும் மெட்டல்கோர் பாட்டுக்குக் கத்திப் பழகுவதைக் கேட்டு, "பொண்ணுக்கு என்னங்க ஆச்சு?" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தாராம்.

டிரம்ஸுக்கு நீதான் வேண்டும். பெருநாள் லீவில் வந்துவிடு. லப்பைக்குடிக்காட்டில் உங்க அத்தாவின் சோளக் குடோனில் நீயில்லாமல் வாசிக்கவே பிடிக்கவில்லை. மூன்றாவது பாட்டு ஞாபகமிருக்கிறதா? உச்ச வேகத்தில் போகும்போது பள்ளிவாசலில் பாங்கு கேட்டது, நீ குச்சியைத் தூக்கிவிட்டாய். நாங்களும் நிறுத்தினோம். இப்போதும் அந்த இடம் வந்தால் கை தானாக நிற்கிறது.

உன்
ரஞ்சித்குமார்

ஷார்ஜா
3.3.2024

அன்பு மச்சான்,

முறுக்கை அறையில் எல்லோரும் பங்கு போட்டுவிட்டார்கள். எனக்குத் தூள்தான்.

நோன்பு மாதம் வரப்போகிறது, நான் வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட்டில் கூட்டம். ஜூனில்தான் லீவு என்கிறார்கள். கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் மச்சான். அரிசி மூட்டை அடுக்கும்போதுகூட விரல் தாளம் போடுகிறது. நான் டிரம்மர் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். வேறு ஆளை வைத்துவிடாதீர்கள்.

சலாம்

அரியலூர்
18.8.2024

அன்புள்ள மாப்ளை,

ஆல்பம் வந்துவிட்டது. ஜூன் முழுக்கக் காத்திருந்தோம், உனக்கு அப்போதும் லீவு கிடைக்கவில்லை. "இதுக்கு மேல தேதி கெடையாது தம்பி" என்றார் ஸ்டுடியோக்காரர். வேறு ஆளை வைக்கவில்லை. டிரம்ஸைக் கம்ப்யூட்டரில் போட்டோம். அட்டையில் உன் பேர்தான் இருக்கிறது.

மூன்றாவது பாட்டில் அந்த நிறுத்தத்தை எடுக்கச் சொன்னார் ஸ்டுடியோக்காரர். "அது இருந்தாத்தான் பாடுவேன்" என்று வெற்றிச்செல்வி ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். கோபமிருந்தால் திட்டியாவது எழுது.

ரஞ்சித்

ஷார்ஜா
6.10.2024

அன்பு மச்சான்,

கோபமில்லை. அறையில் ஸ்பீக்கரில் போட்டேன். "யாருப்பா டிரம்ஸு?" என்றார்கள். அட்டையில் என் பேரைக் காட்டி, "நான்தாங்க" என்றேன். கைதட்டினார்கள். அன்றிலிருந்து டிரம்மர் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சந்தோஷமாக இருந்தது. படுத்தபிறகு வெட்கமாக இருந்தது. கம்ப்யூட்டர் ஒரு தப்புகூடச் செய்யவில்லை, நான் என்றைக்கு அப்படி அடித்தேன்?

மூன்றாவது பாட்டில் நீங்கள் நிறுத்திய இடத்தில், "கரண்டு போயிடுச்சா?" என்று கேட்டார் ஒருவர். அந்த ஆல்பத்தில் நான் இருப்பது அங்கே மட்டும்தான்.

அடுத்த லீவையும் நம்ப வேண்டாம். புது ஆளைப் பாருங்கள், அவன் பேரையே போடுங்கள். டிரம் செட் குடோனிலேயே இருக்கட்டும், அத்தாவிடம் சொல்லிவிட்டேன், சாவி தருவார்.

வருகிறவனுக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். பாங்கு கேட்டால் குச்சியைத் தூக்கிவிட வேண்டும்.

சலாம்