அண்ணன் உரித்த ஆரஞ்சு

தலைச்சோலை,
ஞாயிறு காலை.

பிரியமுள்ள ரம்யாவுக்கு,

அண்ணி இளவரசி எழுதுவது. இங்கே அண்ணனும் மோனிஷாவும் நானும் சுகம். ஓசூரில் உங்கள் எல்லோர் சுகமும் அறிய ஆவல். போனிலேயே சொல்லியிருப்பேன். உன் குரலைக் கேட்டாலே உன் அண்ணன் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார்; அவர் எதிரில் இதையெல்லாம் பேச முடியவில்லை. அதனால்தான் பழப்பெட்டியோடு இந்தக் கடிதம்.

உன் அண்ணன் டயாலிசிஸுக்குப் போய்வந்த காலத்தில் ஆரஞ்சு, வாழை, கொய்யா எதுவும் கூடாது என்றார்கள். மற்றவர்களுக்குச் சத்தான பழம், சிறுநீரகம் கெட்டவருக்குப் பொட்டாசியத்தை ஏற்றி நெஞ்சைத் தாக்குமாம். உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். போன வருஷம் எஸ்டேட்டில் ஆரஞ்சு பறிக்கும்போது ஆசை தாங்காமல் தின்றுவிட்டார். சாயங்காலமே கைகால் தளர்ந்து, நெஞ்சு தாறுமாறாக அடித்தது. சேலம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

அதற்குப்பின் மோனிஷா பழத்தை வீட்டுக்குள் கொண்டுவரவே மாட்டாள். பள்ளிக்கூடத்திலேயே தின்றுவிட்டு, அப்பாவுக்கு வாசம் தெரியக்கூடாது என்று சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வருவாள்.

போன வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். நீ கொடுத்த சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதாம். இனி நன்றாகக் கழுவி, தோல் உரித்து, அளவாகப் பழம் சாப்பிடலாம், பம்பளிமாஸ் மட்டும் மாத்திரைக்கு ஆகாது என்றார் டாக்டர்.

வந்ததும் ஓர் ஆரஞ்சை உரித்தார். சுளையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டாக்டரே சொல்லிவிட்டார், சாப்பிடுங்கப்பா என்று மோனிஷா சொன்ன பிறகுதான் வாயில் வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "நொம்ப இனிக்குது புள்ள. ரம்யா சாப்பிடறாளான்னு கேளு" என்றார்.

அதைத்தான் கேட்கிறேன். சிறுநீரகம் கொடுத்தவரும் அவ்வப்போது வந்து உடம்பைக் காட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை நீ தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறாய். எனக்கு ஒன்றுமில்லை அண்ணி என்று நீ சொல்வதை நான் நம்பினாலும் அவர் நம்புவதில்லை. தை பிறந்ததும் வா கண்ணு. சேலம் பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன்.

பழத்தையெல்லாம் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடாதே. நீயும் சாப்பிடு. நீ நல்லா இருக்கணும் சாமி. அப்போதுதான் அவருக்கும் ஒரு சுளை நிம்மதியாக இறங்கும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அண்ணி இளவரசி