அப்பாவின் சட்டையும் உன் பச்சைப் புள்ளியும்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். நலம் என்று நான் என் கையால் எழுதியிருப்பதை நம்பு, உன் போனில் வரும் வேறெதையும் நம்பாதே, ஏன் என்று போகப்போகத் தெரியும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நீ பாதியில் மீட்டிங் வந்துவிட்டது என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. பதறாமல் படி. போன மாதம் உன் அப்பா குளியலறையில் தலைசுற்றி விழுந்து, நெற்றியில் தையல் போட்டு, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். ரத்த அழுத்த மாத்திரை அவருக்கு அதிகமாகிவிட்டதாம், மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், இப்போது வீட்டில் உட்கார்ந்து என் உயிரை வாங்கும் அளவுக்குத் தேறிவிட்டார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் தங்கையின் வாயை அடைத்தது நான்தான். நீயாக ஒரு வார்த்தை கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தில், வீட்ல எல்லாம் நல்லா இருக்குபோல, சந்தோஷம்மா என்று ஒரு செய்தி அனுப்பினாய், கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை முகம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போன் அன்றே சுவரில் மோதியிருக்க வேண்டியது, உன் அப்பாவின் எக்ஸ்ரே உறை கையில் இருந்ததால் தப்பித்தது. எல்லாம் நல்லா இருக்கு என்று இவளுக்கு யார் சொன்னார்கள் என்று அன்றிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது.

கதை உன் பெட்டியில்தான் தொடங்குகிறது. நான் வரையும் தையல் அளவுப் படங்களை எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நீ ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தாயே, அதை அடுத்தவன் இடத்தில் எதற்கு வைக்க வேண்டும், நம் வீட்டிலேயே வைக்கலாம், நான் இருக்கேன்ல என்று பெரிய இவளாட்டம் சொல்லி, உன் பழைய கம்ப்யூட்டரை ஹாலில் டிவிக்குக் கீழே செருகி, சர்வர் என்று அதற்கு ஒரு பட்டமும் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாய். நான் இருக்கேன்ல என்றவள் இருக்கும் இடம் எங்கே, பெட்டி இருக்கும் இடம் எங்கே. குளிர்காலம் முழுக்க ஒழுங்காகத்தான் ஓடியது. வெயில் ஏறியதும் பெட்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிரைண்டர் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல், கையை வைத்தால் சுடுகிறது, வெப்சைட்டைத் திறந்தால் அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முப்பது வருஷம் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான், துணியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு என் படத்துக்காகக் காத்திருக்கிற பெண்கள், டீச்சர் உங்க பக்கம் தொறக்கவே மாட்டேங்குது என்று எழுதுகிறார்கள். ஒருத்தி பொறுக்க முடியாமல் குத்துமதிப்பாக வெட்டி, பாதிரியார் அங்கி மாதிரி ஒரு சட்டை தைத்து அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அந்தப் பாவமும் உன் கணக்கில்தான். உன்னிடம் சொன்னால் ஒரே வார்த்தை, ரீஸ்டார்ட் பண்ணும்மா. அணைத்துப் போட்டால் ஒரு மணி நேரம் சாதுவாக இருக்கும், பிறகு பழையபடி இரையும். இதைச் சொல்வதற்கு இத்தனை படிப்பு எதற்கு, மிக்ஸி நின்றுபோனால் நம் வீட்டு வேலைக்காரம்மாவும் இதையேதான் சொல்வாள்.

உனக்கு நேரமில்லை என்று உன் தங்கை அவள் வீட்டுக்காரரை அனுப்பிவைத்தாள். மாப்பிள்ளையைக் குறை சொல்லக்கூடாது, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் நிற்பாரே, அப்படிச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றார். யாரோ வெளியில இருந்து உள்ள புகுந்திருக்காங்க அத்தை, நம்ம கரண்ட்டுல அவங்க பணம் பண்ணிட்டு இருக்காங்க என்றார். என் கைக்குட்டை அளவுப் படத்தைத் திருட அண்டை அயல் தேசமெல்லாம் திரண்டு வந்துவிட்டதாம். எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, மாற்றியதை எங்கேயும் சொல்லாமல், சாப்பிட்டுவிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுப் போனார். பெட்டி அதே இரைச்சல். பிறகு தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்தார், மூடியைக் கழற்றினார், வாயால் ஊதினார், அந்தத் தூசி அத்தனையும் என் சோபாவில் வந்து விழுந்தது. மெமரி பத்தலம்மா, பாவம் இதுக்கும் வயசாயிடுச்சுல்ல என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கூடுதலாக ஒரு மெமரி சில்லு செருகினார். அதையும் தின்றுவிட்டு அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. எது தின்கிறது என்று ஒருவர் கூடப் பார்க்கவில்லை, பத்தவில்லை பத்தவில்லை என்று கொட்டிக்கொண்டே இருந்தால் தீர்ந்துவிடுமா.

இவர்கள் எல்லாரையும் மிஞ்சியவர் உன் அப்பா. பெட்டி சுடுகிறதாம், அதற்குப் புழுக்கமாம். தன் நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் டேபிள் ஃபேனை வைத்து, பெட்டியைப் பார்த்துத் திருப்பிவிட்டார். இரைச்சல் கூடக்கூட இவர் ஃபேனின் வேகத்தைக் கூட்டினார். எனக்குப் புழுங்கினால் ஜன்னலைத் திறந்துக்கோ என்பவர், பெட்டிக்கு இராப்பகலாக விசிறினார். அவர் விழுந்த அன்றைக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு, கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு ஓடினேனே, அந்த ஃபேனை யார் அணைத்தது. அது பூட்டிய வீட்டில் தனியாகச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

அவர் திரும்பி வந்த பிறகும் பெட்டி அப்படியேதான் கிடந்தது. பிளக்கைப் பிடுங்கித் தூக்கிப் போடப்போகிறேன் என்று நான் உனக்கு எழுதியதும் பாய்ந்து வந்தாய். அந்தக் கறுப்புத் திரையில் டாப் என்று அடி, எது அதிகமா தின்னுதோ அதுதான் மேல வரும் என்று சொல்லிக்கொடுத்தாய். ஆக அது உனக்குத் தெரியும், அதைச் சொல்ல உனக்கு இரண்டு மாதம் ஆனது. மாப்பிள்ளையிடம் புதுப் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி அடித்தேன். மாப்பிள்ளை சொன்ன திருடனும் இல்லை, கடைக்காரர் சொன்ன முதுமையும் இல்லை. என் வெப்சைட் பாவம் ஒரு மூலையில் பூனை மாதிரி இரண்டு சதவீதம் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தது. உச்சியில் ஒன்று தொண்ணூற்றுச் சொச்சத்தை விழுங்கிக்கொண்டிருந்தது, அதன் பெயர் ஆங்கில எழுத்தில் அப்பாநலம். என்னடி இது என்று கேட்டேன். அன்று சாயங்காலம்தான் பதில் வந்தது. அது சும்மாம்மா, ஹால் கேமரால அப்பா நாற்காலிய பார்த்துட்டே இருக்கும், அதுல அசைவு இருந்தா படம் புடிச்சு வச்சுட்டு என் போன்ல பச்சைப் புள்ளி காட்டும், பச்சை வந்தா அப்பா நல்லா இருக்காருன்னு எனக்கு நிம்மதி, இல்லன்னா தூக்கம் வர மாட்டேங்குது என்று எழுதினாய். திருடனுக்காக என்று சொல்லித்தானே அந்தக் கேமராவைப் புத்தக அலமாரி மேல் மாட்டினாய். இங்கே திருட என்ன இருக்கிறது என்று உன் அப்பா அன்றைக்கே கேட்டார்.

அது பிடித்துவைத்த படங்களைப் போன வாரம் திறந்து பார்த்தேன். பெட்டி நிறைய அதுதான், புதிதாக ஊசி குத்தக்கூட இடமில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன், பார்க்கப் பார்க்கத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. உன் அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டே, வெளியே போய் வந்ததும் சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டுவார், கொக்கியில் மாட்டுங்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து கத்துகிறேன், காதில் விழுந்ததே இல்லை. வெயில் வந்ததும் போட்ட சீலிங் ஃபேனிலேயே ஆட ஆரம்பித்த அந்தச் சட்டையின் மேல், அவர் வைத்த டேபிள் ஃபேன் காற்றும் சேர்ந்து அடிக்கிறது. சட்டை ஆடுகிறது. கை தூக்குகிறது, இறக்குகிறது. உன் கெட்டிக்காரப் புரோகிராம் அதை வெறித்துப் பார்த்து, அசைவு அசைவு என்று விடாமல் படம் பிடித்து, உனக்குப் பச்சை பச்சையாக அனுப்பியிருக்கிறது. அந்த வேலையில் பெட்டி சூடாகிறது, சூட்டைப் பார்த்து உன் அப்பா ஃபேனைக் கூட்டுகிறார், சட்டை இன்னும் ஆடுகிறது, பெட்டி இன்னும் சூடாகிறது. அப்பாவும் மகளும் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றுகொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் இப்படி ஒரு கூத்து. ஆஸ்பத்திரியில் அவர் கண்ணைத் திறக்காமல் கிடந்த அன்றைக்கும் நீ பச்சை பார்த்திருக்கிறாய். அந்த வாரம் முழுக்க உனக்கு நலம் சொன்னது அப்பா இல்லை, அவருடைய ஊதாக் கட்டம் போட்ட சட்டை. அதை நம்பி நீ நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாய், அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதில் ஒரு படத்தில் நானும் இருக்கிறேன். மாற்று வேட்டி எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்த நாள். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறேன், ஆடிக்கொண்டிருந்த சட்டையின் கையைப் பிடித்துக்கொள்கிறேன், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுகிறேன், ஃபேனை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அழுதது. உன் பெட்டி அதையும் பார்த்துவிட்டு, அசைவு இருக்கிறது, எல்லாம் நலம் என்று உனக்கு ஒரு பச்சைப் புள்ளி போட்டிருக்கிறது. உலகத்துக்கே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள் செய்த புரோகிராம், அழுகிறவளையும் அசைகிற துணியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத குருட்டு வேலை. உனக்குப் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியதுதானே, அதற்கு வாய் வரவில்லை, கேமரா மாட்ட மட்டும் கை வருகிறது. நீ பயந்துகொண்டு தூங்காமல் கிடந்தாய் என்று தெரிந்த அன்று எனக்கும் தூக்கம் வரவில்லை என்பதும் உண்மைதான், அதையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு அம்மாவுக்குத் திட்ட மட்டும்தான் தெரியும் என்று நீ சொல்லக்கூடாது.

நீ சொல்லிக்கொடுத்த அதே கறுப்புத் திரையில், நீ சொல்லிக்கொடுக்காத இன்னொன்றையும் தேடிப் படித்து, அந்த அப்பாநலத்தை நிறுத்திவிட்டேன், மறுபடி தானாகக் கிளம்பாதபடியும் செய்துவிட்டேன். சட்டைப் படங்களை எல்லாம் அழித்துவிட்டேன், என் படத்தையும்தான். பெட்டி இப்போது சத்தமே இல்லாமல் இருக்கிறது, தொட்டால் ஜில்லென்று இருக்கிறது, வெப்சைட் பட்டென்று திறக்கிறது, அங்கி தைத்தவள் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாள். மாப்பிள்ளையிடம் சொன்னேன், நான் பாஸ்வேர்ட் மாத்தினதுனாலதான் அத்தை சரியாச்சு என்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும். அங்கிருந்தபடியே அதை மறுபடி ஓடவிடலாம் என்று நினைக்காதே, பிளக் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

மற்றபடி வீட்டில் விசேஷமாக ஒன்றுமில்லை. மாடிக் குழாய் ஒழுகியது சரியாகிவிட்டது. உன் தங்கைக்குப் பல்வலி. நீ வேளைக்குச் சாப்பிடு, அந்த மேசையிலேயே தூங்கிப்போகாதே, உடம்பு உன்னுடையது, அதற்கு ரீஸ்டார்ட் கிடையாது. எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை செய்தி அனுப்பாதே, கூப்பிடு, கூப்பிட்டுக் கேள், நல்லதோ கெட்டதோ உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், இனிமேல் உன்னிடம் எதையும் மறைப்பதாக இல்லை. உன் அப்பாவிடம் இந்தக் கதையை எல்லாம் சொன்னேன். என் சட்டைக்காவது அவ்ளோ மரியாதை இருக்கே என்று சிரித்தார். இப்போது தினமும் காலையில் தையல் போட்ட நெற்றியோடு அந்தக் கேமராவுக்கு நேராகப் போய் நின்று கையை ஆட்டுகிறார். அது இப்போது யாருக்கும் போகாது, நிறுத்திவிட்டேன் என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்க மாட்டேன் என்கிறார். நீயே கூப்பிட்டு அவரிடம் சொல்.

இப்படிக்கு,
சட்டையைத் துவைத்துக் கொக்கியில் மாட்டிவிட்ட
உன் அம்மா