என் நெஞ்சில் கேட்ட மூன்றாவது சத்தம்

மானத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, என் இடது மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு முடியைச் சிரைத்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் முள்முள்ளாக முளைத்து, சட்டை உரசும்போதெல்லாம் அரிக்கிறது. அரிக்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான், கூட்டாளி. நீ இருந்திருந்தால் மில் கேண்டீனில் மூன்று ஷிப்ட் ஆட்களையும் கூட்டிவைத்து என் சட்டையைக் கழற்றச் சொல்லியிருப்பாய்.

சிரைத்ததற்குக் காரணம் என் செல்போன். அதன் மைக்கை நெஞ்சில் வைத்து இதயத்தின் சத்தத்தைப் பதிவு செய்து கேட்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் மைக் இருக்கிறது. அதைத் தோலோடு ஒட்டி வைக்க வேண்டும். துணியோ முடியோ உரசக்கூடாது. ஃபேனை நிறுத்த வேண்டும், மூச்சைப் பிடிக்க வேண்டும்.

போன வருஷம் நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய் என்று ஃபோன் வந்தது. அந்தச் செய்தியை ராஜபாளையம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்தான். முடிவெட்டும் கடையில் மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அன்றிலிருந்து மாடிப்படி ஏறினால் போதும், அடுத்த ஆள் நாம்தான் என்று உள்ளுக்குள் ஒரு நடுக்கம். உனக்கும் எனக்கும் ஒரே வயது. இருபது வருஷம் ஒரே எண்ணெயில் பொரித்த வடையைத் தின்றவர்கள்.

ஒரு மதியம் கட்டிலில் மல்லாந்து படுத்துப் பதிவு செய்தேன். இயர்போனை மாட்டிக் கேட்டால், லப், டப். அதன் வாலில் ஒரு டிக். மறுபடியும் லப், டப், டிக். ஊருக்கெல்லாம் இரண்டு சத்தம் என்றால் எனக்கு மட்டும் எதற்கு மூன்று?

என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, ஃபேன ஆஃப் பண்ணிட்டு, சட்டையில்லாம, மூச்சப் புடிச்சுக்கிட்டு… என்ன கூத்து இது?”

“இதயத்தக் கேக்கேன்.”

“என்ன சொல்லுது?”

“டிக்குங்குது.”

“அப்ப செத்த நேரத்துல மணி அடிக்கும். இருந்து கேளுங்க” என்று போய்விட்டாள்.

பத்து நாள், தினம் நாலு பதிவு. எல்லாவற்றிலும் டிக். அந்தப் பத்து நாளும் நான் யாரைப் பற்றியும் புறணி பேசவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் என் மனைவிக்கே பயம் வந்தது. “எந்திரிங்க, டாக்டர்ட்டப் போவோம்” என்றாள்.

ராஜபாளையத்தில் டாக்டரைப் பார்த்தால், நான் வெளியே வருவதற்குள் எனக்கு மூன்று அடைப்பு என்று பேசி முடித்துவிடுவார்கள். வழக்கமாக அந்த வேலையைச் செய்கிற ஆள் என்பதால் எனக்குத் தெரியும். அதனால் பஸ் ஏறி உன் ஊருக்கு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தோம்.

டாக்டரம்மாவுக்கு எங்கள் மகள் வயது இருக்கும். சட்டையைத் தூக்கியதும் சிரைத்த இடத்தைப் பார்த்தார்.

“எங்கயாவது ஈசிஜி எடுத்தீங்களா சார்?”

“இல்லம்மா. நானாத்தான்…”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். நெடுநேரம் கேட்டார். நிஜமான ஈசிஜியும் எடுத்தார். பிறகு, “எப்படிப் பதிவு பண்ணுனீங்க, செஞ்சு காட்டுங்க” என்றார். அதே மேஜையில் படுத்து, புத்தகம் மாதிரி திறக்கும் கவரோடு போனை நெஞ்சில் நிறுத்தி, மூச்சைப் பிடித்தேன். அவர் குனிந்து பார்த்தார். கவரின் மூடி பக்கவாட்டில் தொங்கி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடி வந்து போனின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தது.

“சார், இந்த மூடியக் கழட்டிட்டு எடுங்க.”

அந்த இடத்தில் எனக்குக் கேட்டது உன் குரல். மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் ஒன்றில் ஏதோ கடகடவென்ற நாள். ஃபிட்டரான நீ நீட்டு ஸ்குரூடிரைவரின் முனையை பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பாயே, அதை உன்னிடமிருந்து பிடுங்கி நானும் கேட்டேன். டைம் ஆபீஸ் கிளார்க்கான நான், “பேரிங் போச்சு, மிஷின நிப்பாட்டுங்க” என்று கத்தினேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார். நீ நிதானமாக மேலே இருந்த தகர மூடியைக் கழற்றிக் கீழே வைத்தாய். கடகடப்பு நின்றுவிட்டது.

“ஏலே, மூடியக் கழட்டிட்டுக் கேளு. பாதி சத்தம் மூடி போடுறதுதான். வருகைப் பதிவு போடுற ஒனக்கு பேரிங் வைத்தியம் எதுக்குலே?”

அதற்குப் பிறகு ஆறு மாதம் மில்லில் என் பெயர் ‘பேரிங் டாக்டர்’. இருந்தும் புத்தி வரவில்லை பார்.

கவரைக் கழற்றிப் பதிவு செய்தோம். லப், டப். அவ்வளவுதான். “இதயத்துல ஒண்ணும் இல்ல சார்” என்றார் டாக்டரம்மா. “இத நான் கல்யாணம் ஆன மறுவருசமே சொல்லிட்டேன்” என்றாள் என் மனைவி. “இனிமே சந்தேகம் வந்தா ஃபோனக் கேக்காம நேர்ல வாங்க” என்று அனுப்பினார். படியிறங்கும்போது எனக்குக் கண் கலங்கியது. சிரைத்த இடம் அரிப்பதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

மற்ற நாற்பது பதிவுகளையும் அழித்துவிட்டேன். கவர் இல்லாமல் எடுத்த அந்த ஒன்று மட்டும் போனில் இருக்கிறது, உன் பெயரில். படியேறி மூச்சு வாங்கினால் ஒருமுறை போட்டுக் கேட்பேன். ‘மூடியக் கழட்டுலே’ என்று நீ சொல்வதும் கூடவே கேட்கும்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே உன் வீட்டுக்குத்தான் போனோம். உன் வீட்டம்மா காபி கொடுத்தார். நடந்ததையெல்லாம் சொல்லி, “அவனுக்கு வந்த நெஞ்சுவலி எனக்கும் வந்துருமோன்னு பயந்துட்டேன்மா” என்றேன்.

“யாருக்கு நெஞ்சுவலி?”

“அவனுக்குத்தான். நான் திருப்பூர் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்ல நிக்கும்போது நீதானம்மா ஃபோன்ல சொன்ன?”

அவர் காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“அண்ணே, நான் சொன்னது வலி இல்லண்ணே, சளி. காய்ச்சலும் நெஞ்சுச் சளியுமாத்தான் கெடந்தாவ. அவிய இருதயம் கடைசி வரைக்கும் கெட்டியா இருந்துச்சுன்னு மதுரை டாக்டரே சொன்னாரு.”