கொடுவா கேட்டு வந்தவன்

என் இடுப்பில் உட்கார்ந்து ஊரைப் பார்த்து வளர்ந்த தம்பி சேவியருக்கு,

உன்னைச் சாகவிட்டவன் ஆவணி மாதக் கடைசியில் என் வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தில் வந்து உட்கார்ந்தான். நான் அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டேன். இதை மற்றவர்கள் சொல்லி நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. கோபித்துக்கொள்ளாதே. முழுவதையும் கேள்.

அவன் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. கோர்ட்டில் எழுதியிருக்கிறார்கள், அது போதும். இந்தக் கடிதத்தை ஊரும் படிக்கும். படிக்கட்டும். இரண்டு வருஷமாக உன்னைக் குடிகாரன் என்று சொன்ன ஊர்தானே?

ஊருக்காகச் சிலவற்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ ஃபிரிட்ஜ் மெக்கானிக். காரைக்கால் டவுனில் பாதி வீடுகளின் சமையலறை உனக்குத் தெரியும். வேலை இல்லாத நேரமெல்லாம் தூண்டில் ராடை வண்டியில் கட்டிக்கொண்டு, நெரவி வழியாகத் தெற்கே போய், அந்தச் சின்ன ஆறு கடலில் விழும் இடத்தில் நிற்பாய். இடுப்பளவு தண்ணீரில், அலை உடைகிற இடத்தைத் தாண்டி வீசுவாய். உனக்கு வேண்டியது ஒரே மீன்தான். கொடுவா.

பெரிய கொடுவா மாட்டினால் ஒரு நிமிஷம் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, தூண்டில் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிடுவாய். பார்த்தவர்கள் உன்னைப் பைத்தியம் என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். "குழம்புக்கு ஆவுற மீனை ஏன்டா விட்டுட்டு வர்றே?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டேன். அப்போதுதான் நீ எனக்கு விளக்கினாய். கொடுவா சின்னதாக இருக்கும்போது ஆண். சில வருஷம் வளர்ந்து பெருத்த பிறகுதான் பெண்ணாக மாறும். ஆகவே பெரிதெல்லாம் தாய் மீன். மழைக்காலத்தில் முட்டை போட ஆற்று வாய்க்கு இறங்கி வரும்.

"இப்ப மாட்டுறதெல்லாம் பொடிசுக்கா. பொண்ணாவுறதுக்கு முன்னாடியே புடிச்சுப்புடுறாங்க. எல்லாம் ஆம்பளையாவே சாவுது. அப்புறம் முட்டை யாரு போடுறது?" என்றாய். உன் குரலில் இருந்தது வருத்தமா பயமா என்று எனக்கு அன்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அவன் உன் சிநேகிதன். மீன் வாங்கி வெளியூருக்கு ஏற்றி அனுப்புகிறவன். அவன் கடையில் ஐஸ் பெட்டியைச் சரிசெய்யப் போன இடத்தில் பழக்கம். பிறகு அவனும் ஒரு ராடு வாங்கிக்கொண்டு உன்னோடு வந்தான். பெரிய மீன்கள் எந்தப் பள்ளத்தில் கூடும், தண்ணீர் ஏறும்போதா வடியும்போதா, மழை பெய்த எத்தனையாவது நாளில் என்று எல்லாவற்றையும் அவனுக்குக் காட்டினாய். ஏன்டா காட்டினாய்? நல்ல இடத்தை ஒருவன் ரசித்தால் அவனும் காப்பாற்றுவான் என்று நினைத்தாயா?

அடுத்த ஐப்பசியில் அவன் ராடை வீட்டில் வைத்துவிட்டு வலையோடு வந்தான். வெளியூர் ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து, ஆற்று வாயை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை அடைத்துக் கட்டினான். ஒரே நாளில் தாய் மீன்கள் லாரியேறின. நீ மன்றாடினாய், பிறகு சண்டை போட்டாய். அவன் உன்னைச் சந்தையில் நாலு பேர் பார்க்கக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். அந்த வாரம் நீ வேலைக்கே போகவில்லை. உன் மனைவி ஸ்டெல்லாதான் எனக்கு ஃபோன் செய்து சொன்னாள்.

மறுவருஷம் அதே மழையில் நீ செத்துப்போனாய்.

காலை எட்டு மணிக்கு எனக்குத் தகவல் வந்தது. மின்துறை ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது உன்னை ஈர மணலில் கிடத்தியிருந்தார்கள். அவன் உன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். "குடிச்சிட்டு தண்ணியில எறங்கிட்டான்க்கா, நான் வர்றதுக்குள்ள முடிஞ்சிட்டு," என்றான். உன் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு காலி பாட்டில் இருந்தது. வலை எங்கும் இல்லை.

நீ பீர்கூடக் குடித்ததில்லை. எனக்குத் தெரியும், ஸ்டெல்லாவுக்குத் தெரியும். பிரேதப் பரிசோதனை அறிக்கையும் அதைத்தான் சொன்னது. ஆனால் அது பல மாதம் கழித்து வந்து ஃபைலுக்குள் போய்விட்டது. பாட்டிலோ அன்று காலையே ஊர் வாய்க்குள் போய்விட்டது. உன் வலது கணுக்காலில் நூல் அறுத்த தடம் இருந்தது. உன் தூண்டில் நரம்பே சுற்றியிருக்கும் என்று எழுதி விட்டுவிட்டார்கள். நான் எத்தனை முறை ஸ்டேஷன் படியேறினேன் என்று எனக்கே நினைவில்லை. "வீட்டுக்குப் போங்கம்மா" என்று மரியாதையாகத்தான் சொல்லி அனுப்பினார்கள்.

உன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் அவனும் ஒருவன். அதை மட்டும் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. பழைய சண்டையை மறந்து வந்தானே என்று நான்தான் அவனுக்கு நன்றி சொன்னேன், சேவியர். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

சந்தேகம் பிறகுதான் வந்தது. வந்த பிறகு போகவில்லை. பூசையில் எதிர் வரிசையில் அவன் நிற்கும்போது நான் செபம் சொல்லவில்லை, அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் வியாபாரம் படுக்க வேண்டும், அவன் நடுத்தெருவில் நிற்க வேண்டும் என்றெல்லாம் வேண்டியிருக்கிறேன். அதைச் செபம் என்று சொல்லலாமா, தெரியவில்லை.

ஒன்று நடந்தது. ஆற்று வாயில் கொடுவா இல்லாமல் போனது. அவன் அடைத்த வலையில் முதல் இரண்டு மழைக்கும் பெரிது வந்தது, அடுத்த மழையில் முதலில் நடுத்தரம் வந்தது, பிறகு மடவையும் கெளுத்தியும் குப்பையும் வந்தன. நீ சொன்னபடியே நடந்தது. அதனால்தான் அவன் என் கூடத்துக்கு வர நேர்ந்தது.

ஏதோ ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு முழுசு முழுசாகப் பெரிய கொடுவா தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டானாம். எங்கும் கிடைக்கவில்லை. முதல் நாள் ஃபோனில் கேட்டான். "அக்கா, சேவியருக்கு வேற ஒரு எடமும் தெரியும். எங்கிட்ட சொல்லாமலே போயிட்டான். ஒங்ககிட்ட ஏதும் சொல்லி வச்சிருந்தானா?"

செத்தவனிடம் பிடுங்க இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கேட்கிறான். "சொல்லியிருக்கான்ப்பா. நாளைக்கு மதியம் வீட்டுக்கு வா," என்றேன்.

நீ என்னிடம் எந்த இடமும் சொல்லி வைத்ததில்லை. அது அவனுக்குத் தெரியாதே.

ஸ்டெல்லாவை முன்கூட்டியே வரச்சொல்லி, அடுப்படியில் உட்காரவைத்தேன். கூடத்தில் பேசுவது அங்கே தெளிவாகக் கேட்கும். கையில் ஃபோனைக் கொடுத்து, அவன் பேசத் தொடங்கியதும் பதிவு செய் என்றேன். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்கே தெரியாது. அவளைத் தயார்ப்படுத்தவும் இல்லை. என் கண் முழுக்க அவன்மேலேயே இருந்தது.

காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "எடத்தைச் சொல்றேன்ப்பா. ஆனா ஒண்ணு. எனக்கு வயசாவுது, மனசு கெடந்து அடிச்சுக்குது. அன்னைக்கு என்னதான் நடந்துச்சுன்னு சொல்லிடு. நான் யார்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்?"

அவ்வளவு குழைவாக நான் யாரிடமும் பேசியதில்லை. என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவன் ஒரு வாய் காபி குடித்தான். பிறகு சொன்னான். "நான் வேணும்னு பண்ணலக்கா. அவன் கத்தியோட வந்து வலையை அறுக்க எறங்கிட்டான். இழுப்பு ஜாஸ்தி. கால் வலையில சிக்கிக்கிச்சு. கத்தி கைநழுவிட்டு."

"நீ எங்கே இருந்தே?"

"கரையிலதான். நாங்க மூணு பேரு."

"ஒங்கிட்ட கத்தி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப ஏன் அறுக்கல?"

அவன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"புது வலைக்கா. உள்ள பூரா பெரிய மீனு. அறுத்தா அவ்வளவும் போயிடும். அந்தாளுங்க அறுக்கலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் வேணாம், அப்படியே இழுத்துக் கரையேத்திடலாம்னேன். ரெண்டு நிமிஷம்னு நெனச்சேன்."

"மீன் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அதை என்ன பண்ணினே?"

"வண்டியில ஏத்தி அனுப்பிட்டு, அப்புறந்தான் ஃபோன் போட்டேன்."

அடுப்படிக் கதவு திறந்தது. ஸ்டெல்லா வந்து அவன் எதிரே நின்றாள். ஃபோன் அவள் கையில்தான் இருந்தது, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவரு குடிச்சிருந்தாரா?"

அவன் எழுந்தான். என்னைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான்.

"சொல்லுங்க. குடிச்சிருந்தாரா?"

"இல்ல, தங்கச்சி."

"பாட்டிலு?"

"நான் வச்சது."

பிறகுதான் அவனுக்கு ஃபோன் கண்ணில் பட்டது. பிடுங்க வந்தான். நான் குறுக்கே போய் நின்றேன். என்னைத் தள்ளியிருந்தால் விழுந்திருப்பேன், ஆனால் அவன் தள்ளவில்லை. "நம்பி வந்தேனேக்கா," என்றான்.

"என் தம்பியும் ஒன்னை நம்பித்தான்டா பள்ளத்தைக் காட்டினான். வெளியே போ," என்றேன்.

அன்று சாயங்காலமே ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். இந்த முறை யாரும் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. அந்த வெளியூர் ஆட்கள் இரண்டு பேரையும் தேடிப்பிடித்தார்கள். அவர்கள் சொன்னதும் அவன் சொன்னதும் ஒத்துப்போயின. மூன்றாம் நாள் பட்டப்பகலில், கடையில் கூட்டம் இருக்கும்போது, அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு எதிரே மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தேன். அவன் தலையை மறைத்துக்கொள்ளத் துண்டு தேடினான். கிடைக்கவில்லை. அந்தக் காட்சி எனக்குச் சோறு போல இருந்தது, சேவியர். பொய் சொல்ல மாட்டேன்.

மீனவப் பஞ்சாயத்தில் கேட்டுவிட்டுக் கொதித்துப்போனார்கள். தண்ணீரில் ஒருவன் தத்தளிக்கும்போது வலையைப் பார்க்கிறவனைக் கடலோரத்தில் யார் மதிப்பார்கள்? அவன் கடைக்கு இனி மீன் போடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஆற்று வாயை யாரும் அடைத்துக் கட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். இந்த மழைக்கு அங்கே வலை இல்லை. போன வாரம் போய்ப் பார்த்தேன். ஒருவர் ராடு போட்டுக்கொண்டிருந்தார். என்ன மாட்டியது என்று கேட்டேன். முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு கொடுவாவைக் காட்டினார். பெரிதெல்லாம் எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. இருக்கின்றனவா?

ஸ்டெல்லா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு வந்து சொன்னாள். "அவரு எப்படிச் செத்தாருன்னு என் காதால கேக்க வச்சிட்டீங்களேக்கா. கண்ணை மூடினா அந்த ரெண்டு நிமிஷந்தான் ஓடுது." இதில் நான் தப்பு செய்தேன் என்றால் அது ஒன்றுதான். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவள் இன்னும் தரவில்லை.

அவன் இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறான். கடைக் கதவு சாத்தியே கிடக்கிறது. அவன் அம்மா பங்குச் சாமியாரிடம் போய் அழுதிருக்கிறார். சாமியார் என்னைக் கூப்பிட்டார். "மன்னிக்கிறதுதான் நம்ம வழி, இல்லையாம்மா?" என்றார். நல்ல மனிதர்தான், உனக்குப் பூசை வைத்தவர். "எனக்குச் செஞ்சிருந்தா மன்னிச்சிருப்பேன் சாமி. சேவியருக்குச் செஞ்சதை மன்னிக்கிற உரிமை எனக்கு யாரு குடுத்தா?" என்றேன். நீயாக இருந்தால் மன்னித்திருப்பாய் என்று அவர் சொன்னார். இருக்கலாம். உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். ஸ்டெல்லாவும் நானும் வருவோம். இந்தமுறை உன் கல்லறையைத் தாண்டிப் போகிறவர்கள் நின்றுவிட்டுப் போவார்கள் என்று நினைக்கிறேன். நேற்றே இரண்டு பேர் வீட்டு வாசலில் வந்து, "தெரியாம பேசிட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உள்ளே கூப்பிடவில்லை.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் போவேன். வழக்கு எத்தனை வருஷம் இழுத்தாலும், அவன் கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கே நான் உட்கார்ந்திருப்பேன். அவன் மறக்க நினைக்கிற நாளில்கூட என் முகம் அவனை மறக்கவிடாது. நீ நிம்மதியாகத் தூங்கு, தம்பி. நிம்மதி இல்லாமல் இருக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கூடப்பிறந்த ஒரே அக்கா,
மரியபுஷ்பம்