ரோஜாக்கல்லுக்கு ஆகாத வெயில்

பிரியமுள்ள அண்ணே,

நீங்கள் அறிய வேண்டிய பெரிய செய்தி ஒன்று. பாலக்கரையில் நீங்கள் வேலை பார்த்த கல்பட்டறையில், இளஞ்சிவப்புப் படிகத்தை இனி 'ரோஜாக்கல்' என்றே அழைப்பதென முதலாளி முடிவெடுத்துவிட்டார். புதுப் பெயர்ப்பலகைக்குக் கற்பூரம் காட்டி, தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை.

அந்தக் கல்லைப் பற்றி நான் உங்களுக்குச் சொன்னதெல்லாம் சரிதான். பூமிக்கடியில் பாறைக்குழம்பு மெல்ல ஆறும்போது, கடைசியில் மிஞ்சியது வெடிப்புகளில் உறைந்து படிகமானது. ஏதோ உலோகம் துளி கலந்ததால் சிவந்தது. கண்ணாடியைக் கீறும், கத்திக்கு அசையாது. கந்தகத் திராவகம் ஊற்றினாலும் கரையாது. "திராவகமே தொடாத கல்லுண்ணே, அதோட தூசி உங்களை என்ன பண்ணும்?" என்று ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலில் நின்று சொன்னேன். பி.எஸ்ஸி. படித்த தம்பி சொன்னால் நம்பாமல் இருப்பீர்களா? திராவகம் கரைக்காததை நுரையீரல் எப்படிக் கரைக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

வெயில் பட்டால் நிறம் வெளுக்குமென்று ஜன்னல்களில் சாக்கு அடித்திருந்தார்கள். மாலைக்கு மணி, மோதிரத்துக்குக் கல், மேசையில் வைக்கப் பிள்ளையார், எல்லாம் அந்த இருட்டில்தான் சாணை பிடித்தீர்கள். தூசிக்கு வெளியே போக வழியில்லை.

உங்கள் இடத்தில் அண்ணி உட்கார்ந்தார். போன வாரம் போய், சாக்கை எடுக்கச் சொன்னேன்.

"கல்லு வெளுத்துப் போச்சுன்னா யார் சார் பொறுப்பு?" என்றார் முதலாளி.

"ஆள் வெளுத்துப் போனா?"

"அவரு பீடி குடிச்சிருப்பாருங்க. இந்தக் கல்லைப் போட்டுக்கிட்டா நெஞ்சுக்கு நல்லதுன்னு சொல்லித்தான் விக்கிறோம். நீங்க வேற."

பீடிப் புகைக்கே மூக்கைப் பொத்துகிறவர் நீங்கள்.

அண்ணி சக்கரத்தை நிறுத்தினார். "தம்பி, பாடம் நடத்தினது போதும். நகருங்க." ஸ்டூலைப் போட்டு ஏறி, மூன்று ஜன்னல் சாக்கையும் கிழித்தார். வெயில் சாய்ந்து விழுந்தது. வேலையாட்கள் எல்லோரும், இத்தனை நாள் தாங்கள் எதைச் சுவாசித்தோம் என்பதை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார்கள்.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு மனு எழுதியிருக்கிறேன். அவர் வந்து பார்க்கும்வரை வாரம் ஒன்று எழுதுவேன். ஒவ்வொன்றிலும் முதல் வரி, 'திராவகமே தொடாத கல்' என்று நான் உங்களுக்குச் சொன்ன அந்த வார்த்தையாக இருக்கும். இது சத்தியம்.

அண்ணி கிழித்த மறுநாளே சாக்கைத் திரும்ப அடித்துவிட்டார்கள். அண்ணியை வேலைக்கு வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் கூடப்பிறந்த தம்பி,
கோவிந்தராசு