முதுகில் ஆறு வட்டம்

யூலை 16, 1987, வியாழன்
வெள்ளம் வடிந்துவிட்டது. கீழ்வீட்டு லாம் அம்மாவின் பெட்டிகளை நானும் அப்பாவும் மேலே தூக்கி வைத்தோம். நாலு படி ஏறியதும் அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. "குளிருக்குள் இன்னும் மோசமா?" என்று லாம் அம்மா கேட்டார். அவர் வியட்நாமிலிருந்து படகில் வந்த சீனப் பெண். அவருடைய பிரெஞ்சும் என்னுடையதைப் போல நொண்டிதான். திங்கட்கிழமை வரச் சொன்னார். குளிர்கால இழுப்புக்கு இப்போதே மருந்து ஒட்ட வேண்டுமாம். இந்த வெக்கையிலா?

இதையெல்லாம் எழுதக்கூடாது. "ஒண்டையும் எழுதி வைக்காதே பிள்ளை, எழுதினது எப்பவும் ஆற்றையோ கையில போகும்" என்று அப்பா மன்னாரிலேயே சொன்னவர். அதனால்தான் அவர் படுத்தபிறகு, குளியலறையில், கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன்.

யூலை 20, திங்கள்
ஒட்டியாயிற்று! வெள்ளைக் கடுகுத் தூள், பெயர் தெரியாத மூன்று வேர்கள், இஞ்சிச்சாறு. களிபோலக் குழைத்து, ஒரு டொலர் நாணயமளவு வட்டமாகத் தட்டி, பிளாஸ்டரில் வைத்து முதுகெலும்பின் இரண்டு பக்கமும் மும்மூன்று. இரண்டு மணித்தியாலத்தில் எடுத்துவிட வேண்டும். முதுகு சிவந்திருந்தது.

சீனக் கலண்டரில் மிக வெக்கையான நாட்கள் மூன்று இருக்கின்றனவாம்: இன்று, 30ஆம் திகதி, ஓகஸ்ட் 9. அன்று உடம்பின் கதவுகள் திறந்திருக்கும், சூடு உள்ளே போகும் என்றார். போய் எங்கே இருக்கும்? தை மாதம் வரைக்கும் ஆறாமல் எப்படி இருக்கும்? கேட்டேன். "மூன்று வருடம் ஒட்டு, பிறகு கேள்" என்றார்.

மூன்று வருடம். எங்களுக்கு மூன்று மாதமே நிச்சயமில்லை. அப்பாவின் அகதி விசாரணையில் 'ஓம்' என்றால்தான் அம்மாவையும் தம்பியையும் கூப்பிடலாம். இல்லையென்றால் நாங்கள்தான் திரும்பிப் போக வேண்டும்.

யூலை 30, வியாழன்
இரண்டாவது. அப்பா கூச்சத்தில் சிரித்தார்.

ஓகஸ்ட் 9, ஞாயிறு
லாம் அம்மா ரொறொன்ரோ போய்விட்டார், மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. இன்றைக்கு மூன்றாவது நாள். விட்டால் முந்திய இரண்டும் வீண்தானே? எங்கள் கடுகுப் போத்தலை எடுத்தேன். கறுப்பென்றாலும் கடுகு கடுகுதானே. வேருக்குப் பதிலாகக் கொஞ்சம் மிளகு. இஞ்சி இருந்தது.

றெஸ்ரோறண்டில் விடிய விடியக் கோப்பை கழுவிவிட்டு வந்த அப்பா குப்புறப் படுத்தபடியே நித்திரையாகிவிட்டார். அவர் அப்படி நித்திரை கொண்டு எவ்வளவு நாள்! இரண்டு மணி ஆனது. எழுப்ப மனம் வரவில்லை. கூட நேரம் இருந்தால் இன்னும் நல்லதுதானே என்றும் நினைத்தேன்.

ஐந்து மணித்தியாலம்.

ஓகஸ்ட் 10
ஆறு கொப்புளம். "ஒண்டுமில்லை பிள்ளை" என்கிறார். சேட் போட முடியாமல் நிற்கிறார்.

செப்ரெம்பர் 3, வியாழன்


லோயர் அனுப்பிய டொக்டரிடம் போனோம். இரண்டு வருடத்துக்கு முன் ஊரில் ஆமி அப்பாவைப் பிடித்து வைத்திருந்ததைப் பற்றி அவர் ஒரு கடிதம் தர வேண்டும். நான்தான் மொழிபெயர்ப்பு. சேட்டைக் கழற்றினதும் டொக்டர் விளக்கைக் கிட்ட இழுத்தார். ஆறு கருவட்டம், வரிசையாக. பிறகு மெதுவாக என்னைக் கேட்டார், "சிகரெட்டா? ராணுவமா?"

கடுகுக்குப் பிரெஞ்சில் என்ன என்று எனக்குத் தெரியும். வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

எழுதிக்கொண்டார்.

"என்ன கேட்டவர்?" என்றார் அப்பா. "நோகுதோ எண்டு" என்றேன்.

செப்ரெம்பர் 5
பக்கத்து அறை அரியரத்தினம் அண்ணையிடம் மட்டும் சொன்னேன். "விசரி, கடவுளாப் பாத்துத் தந்த காயம். வாயைத் திறவாதை. இந்த வழக்கு வெண்ட மாதிரித்தான்" என்றார். வெல்லுமா? வென்றால் அம்மா வருவா. ஆனால் விசாரணைக் கந்தோரில் வேறு டொக்டர் பார்த்தால்? தழும்பின் வயதைக் கண்டுபிடிப்பார்களா? ஒரு மாதத் தழும்புக்கும் இரண்டு வருடத் தழும்புக்கும் வித்தியாசம் இருக்குமே. என் முழங்கால் தழும்பை வெளிச்சத்தில் பார்த்தேன். இருக்கிறது.

செப்ரெம்பர் 11, வெள்ளி
சொல்லிப்போட்டன். அழுது அழுது சொன்னன்.

அப்பா கையைப் பின்னால் விட்டு முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு, "ஆமிக்காரன் விட்டுவைச்ச முதுகை என்ர பிள்ளை பொரிச்சிட்டுது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் பிறகு நின்றுவிட்டது. "பதினொரு நாள் சாக்கில மண்ணைப் போட்டு அடிச்சவங்கள். ஒரு அடையாளமும் இல்லை. அது உண்மை. இந்தக் கடுகு பிடிபட்டால் அதையும் பொய் எண்டுதான் சொல்லுவாங்கள். திங்கட்கிழமை டொக்டருக்கு ரெலிபோன் எடு."

அண்ணை கதவில் நின்று, "உனக்கென்ன விசரோ?" என்றார். "ஓம்" என்றார் அப்பா.

செப்ரெம்பர் 16, புதன்
ரொறொன்ரோவிலிருந்து திரும்பிவிட்ட லாம் அம்மாவும் கூட வந்தார். கறுப்புக் கடுகையும் ஐந்து மணித்தியாலத்தையும் கேட்டு பஸ் முழுக்க என்னைச் சீன மொழியில் திட்டிக்கொண்டே வந்தார். டொக்டரின் மேசையில் கடுகுப் போத்தலை வைத்தேன். "Moutarde," என்றேன். இந்த முறை வாய் வந்தது. நான்தான் ஒட்டினேன், நான்தான் தலையாட்டினேன் என்றும் சொன்னேன்.

கோபிப்பார் என்று பார்த்தால், கொஞ்சம் குழைத்துத் தரச் சொல்லித் தன் கையில் ஒட்டிப் பார்த்தார்! பதினெட்டாவது நிமிடத்தில் பிய்த்து எறிந்தார். பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டு அப்பாவை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மண்சாக்கு அடி தழும்பு விடாது என்று புதிதாக எழுதினார்.

அது போதுமா?

நவெம்பர் 24
முதல் பெரிய பனி. விசாரணை முடிந்தது. விசாரித்தவர்களின் முகத்தைப் பார்த்து அப்பாவுக்கு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

பெப்ரவரி 8, 1988
போன குளிருக்கு இந்த நாள்வரை இருபத்திரண்டு இரவு இழுப்பு. இந்தக் குளிருக்கு ஒன்பது. மருந்தா? அப்பா ஈரத்தில் நிற்கும் வேலையை விட்டதா? லாம் அம்மாவைக் கேட்டால் மருந்து என்பார். ஒரு வருடக் கணக்கை வைத்து எப்படிச் சொல்வது?

யூலை 14, 1988, வியாழன்
இந்த வருடத்தின் முதல் வெக்கை நாள். வெள்ளைக் கடுகுதான், மணிக்கூடு லாம் அம்மாவின் கையில்தான். என்னைக் கிட்ட விடவில்லை. பழைய வட்டங்கள் மங்கிவிட்டன. புதியவற்றை அவற்றின் மேலேயே ஒட்டினார்.

"அடுத்த வருடம் மூன்றாவது. வருவீர்களா?" என்றார். நான் மொழிபெயர்க்க முன்பே அப்பா குப்புறக் கிடந்தபடி, தலையணைக்கடியில் வைத்திருந்த 'ஓம்' கடிதத்தைத் தட்டிக்காட்டிப் பிரெஞ்சில், "வருவோம், நாலு பேர்" என்றார்.